மாமனார் குடுத்த பழைய காசு, பையன் சேக்குறான், எதுல போட்டு வைக்கிறது?

முத்துநகர்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தூத்துக்குடி, வீட்ல இருந்து கடற்கரைக்கு நடந்தே போயிரலாம். என் பையன் ஆறாவது படிக்கிறான், போன லீவுல இருந்து காசு சேக்குற ஆசை வந்துருச்சு, அவன் ஆர்வத்தைப் பாத்துட்டு எங்க மாமா தன்கிட்ட இருந்த பழைய காசு எல்லாத்தையும் பேரன்கிட்டயே எடுத்துக் குடுத்துட்டாங்க. எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்தான், ஆனா இதை எப்படி பத்திரமா வைக்கிறதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல.

ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபா கொஞ்சம் இருக்கு, விக்டோரியா ரூபாயும் இருக்கு, ஓட்டைக் காலணா நிறைய, 1957 நயா பைசா, அலுமினியத்துல 3 பைசா, தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா, காந்தி படம் போட்ட வெள்ளி 10 ரூபா. இது போக சின்ன சின்ன செம்புக் காசு ஒரு கைப்பிடி, மாமா வேலை பாத்த காலத்துல பழைய பித்தளைக் கடையில எடைக்கு வாங்கினதாம், அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியல, சிலதுல வெளிர் பச்சையா பொடி மாதிரி இருக்கு.

பாதி காசு சுருக்குப் பையில கிடந்துச்சு. மீதி ஒரு ஆல்பத்துல, பிளாஸ்டிக் ஷீட்ல பாக்கெட் பாக்கெட்டா இருக்குமே அந்த மாதிரி. திறந்தாலே புது மழைக்கோட்டு வாசனை அடிக்குது, ஷீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, அதுல இருந்த ரெண்டு ஜார்ஜ் ரூபாய விரலால தொட்டா பிசுபிசுன்னு இருக்கு, ராஜா தாடி ஓரத்துலயும் எழுத்துக்கு நடுவுலயும் பச்சையா புள்ளி புள்ளியா நிக்குது. விக்டோரியா ரூபாய லெட்சுமி பூஜைக்கு வச்சிருந்தாங்க, அதுல மஞ்சள் குங்குமம் அப்பியிருக்கு.

எங்க அத்தை புளி போட்டு தேச்சா பளிச்சுன்னு ஆயிரும்ங்கிறாங்க. தேய்க்கலாமா? எந்த மாதிரி ஆல்பம் வாங்கணும்? ரொம்ப செலவு பண்ண முடியாது, ஆனா பையன் பெரியவனாகுற வரைக்கும் கெட்டுப் போகாம இருக்கணும்.

ஓட்டைக்காலணா

அக்கா முதல்ல அந்தப் புளியை சமையலுக்கு வச்சிருங்க. புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பாத்திரம் துலக்குற பவுடர், எதையும் காசு மேல காட்டாதீங்க. புளியில இருக்குற அமிலம் அழுக்கை மட்டும் எடுக்காது, மேல்தோலையே அரிச்சு எடுத்துரும், விபூதியும் பவுடரும் கண்ணுக்குத் தெரியாத கோடு கோடா கீறி விட்டுரும். பளபளன்னு இருக்குற நூறு வருஷ காசைப் பாத்தா விவரம் தெரிஞ்சவங்க யாரும் வாங்க மாட்டாங்க, வாங்கினாலும் பாதி விலைக்குத்தான் கேப்பாங்க. விலையை விடுங்க, அந்த கருப்பு படிஞ்ச நிறம் வரதுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும், தேச்சா அது போனது போனதுதான், திரும்ப வராது.

அடுத்தது, இதைப் படிச்சு முடிச்ச உடனே அந்த ஆல்பத்துல இருந்து எல்லா காசையும் வெளிய எடுங்க. வேற ஆல்பம் வாங்குற வரைக்கும் வெள்ளை பேப்பர்ல தனித்தனியா மடிச்சு வச்சாக்கூட போதும். நியூஸ் பேப்பர் வேணாம். ரப்பர் பேண்ட் போடவே போடாதீங்க, அதுல கந்தகம் இருக்கு, வெள்ளிக் காசு மேல பேண்ட் இருந்த இடம் கருப்பு கோடா விழுந்துரும்.

எடுக்கும்போது ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, முகத்துல விரல் படக் கூடாது, மேசை மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டுக்கோங்க, கை தவறி விழுந்தாலும் டைல்ஸ்ல விழாது. பையனுக்கு முதல் பாடமே இதுவா இருக்கட்டும்.

லேப்_வாசு

வணக்கம் மேடம். நீங்க சொன்ன வாசனை, பிசுபிசுப்பு, பச்சை, மூணும் சேந்து வந்தா அது பிவிசி ஷீட். காசு சேக்குறவங்களுக்கு இதை விட பெரிய எதிரி கிடையாது, கடையில பாதிக்கு மேல இதைத்தான் ஆல்பம்னு விக்கிறாங்கன்றதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

பிவிசி இயல்பா கடினமான பிளாஸ்டிக். அதை வளையுற மாதிரி மெத்துன்னு ஆக்குறதுக்கு பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒண்ணு கலப்பாங்க. வருஷம் போகப் போக, அதுவும் நம்ம ஊர் வெயிலுக்கு, அந்த எண்ணெய் கசிஞ்சு வெளிய வரும், அதுதான் உங்க விரல்ல ஒட்டுறது. கூடவே பிவிசில இருக்குற குளோரினும் பிரிஞ்சு ஹைட்ரோகுளோரிக் அமிலமா மாறும். அது காசுல இருக்குற செம்போட சேந்தா பச்சை. வெள்ளி ரூபாயில ஏது செம்புன்னு தோணலாம், பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபா முழு வெள்ளி இல்ல, 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. 1940ல இருந்து அதையும் குறைச்சு பாதிதான் வெள்ளி போட்டாங்க, அதனால 1940க்கு மேல வருஷம் போட்ட ஜார்ஜ் ரூபா இன்னும் சீக்கிரம் கெடும். வருஷத்தைப் பாத்து அதை முதல்ல காப்பாத்துங்க.

அந்த ரெண்டு ரூபாய்க்கு வழி இருக்கு. கெமிக்கல் கடையில சுத்தமான அசிட்டோன் கிடைக்கும், நெயில் பாலிஷ் ரிமூவர் வேணாம், அதுல வாசனை, கலர், எண்ணெய்னு என்னென்னமோ கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி காசை அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வைங்க, பிளாஸ்டிக் கிண்ணம் கரைஞ்சிரும். அப்புறம் வேற கிண்ணத்துல புது அசிட்டோன்ல ஒரு தடவை அலசி எடுத்து வெள்ளைத் துணி மேல வச்சிருங்க, தானா காஞ்சிரும். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது. பிசுபிசுப்பு போயிரும், பச்சையும் பெரும்பாலும் போயிரும், ஆனா அமிலம் அரிச்ச குழி இருந்தா அது அப்படியேதான் இருக்கும். அசிட்டோன் பட்டுனு தீப்பிடிக்கும், அடுப்பு எரியுற சமையலறையில பண்ணாதீங்க, ஜன்னலைத் திறந்து வச்சு நீங்களே பண்ணுங்க, பையன் தள்ளி நின்னு பாக்கட்டும்.

புது ஆல்பம் வாங்கும்போது அட்டையில என்ன பிளாஸ்டிக்னு போட்டிருக்கான்னு பாருங்க. பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர், அக்ரிலிக் இந்த நாலும் நல்லது. பாலியெஸ்டரை மைலார்னும் சொல்வாங்க. ஒண்ணுமே போடலைன்னா கையில மடக்கிப் பாருங்க, நல்ல ஷீட் கொஞ்சம் விறைப்பா மொறமொறன்னு சத்தம் போடும், பிவிசி குழந்தைங்க ரப்பர் பொம்மை மாதிரி மெத்துன்னு மடங்கும், வாசனையும் காட்டிக் குடுத்துரும். சந்தேகம் தீரலைன்னா ஒரு செம்புக் கம்பியை தீயில நல்லா சூடாக்கி ஷீட்டோட ஒரு ஓரத்துல தொட்டு எடுத்து திரும்ப தீயில காட்டினா, பிவிசியா இருந்தா சுடர் பச்சையா எரியும். மொட்டை மாடியில பண்ணுங்க, அந்தப் புகையை மூக்குல ஏத்திக்கக் கூடாது.

தேக்குப்பெட்டி

எல்லாரும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு பேசுறீங்க. எங்க பாட்டன் காலத்துல மரப்பெட்டியில வெல்வெட் துணி விரிச்சுதான் வச்சாங்க, ஒண்ணும் கெடலையே. நல்ல தேக்குப் பெட்டி ஒண்ணு வாங்குங்க, தலைமுறைக்கும் நிக்கும்.

ஓட்டைக்காலணா

அண்ணே, பெட்டி நிக்கும், காசு நிக்குமாங்கிறதுதான் கேள்வி. அந்தக் காலத்துல வெளிநாட்டுல பெரிய சேகரிப்பாளர்கள் மஹோகனி மரத்துல அலமாரி செஞ்சு வச்சாங்க, உண்மைதான், ஆனா ஓக் மரத்தை ஒதுக்கினாங்க, ஏன்னா சில மரம் மெதுவா அமில ஆவியை விட்டுக்கிட்டே இருக்கும். ஈயக் காசுக்கு அது ஆகவே ஆகாது, கப்பல் போட்ட சாதவாகனர் ஈயக் காசை எல்லாம் தப்பான மரப்பெட்டியில வச்சா வெள்ளையா மாவு மாதிரி உதிர ஆரம்பிச்சிரும். இப்ப கடையில கிடைக்குற பெட்டி நிறைய பிளைவுட், உள்ள பசை, மேல வார்னிஷ், அது இன்னும் மோசம். வெல்வெட்டும் கம்பளித் துணியும் எந்த சாயம் போட்டது, எதுல ஒட்டினதுன்னு நமக்குத் தெரியாது, கம்பளியில இயற்கையாவே கந்தகம் இருக்கு. காசு நேரடியா மரத்துல படாம, நல்ல ஹோல்டர்ல போட்டு அதை உங்க தேக்குப் பெட்டியில அடுக்கினா எனக்கு பெரிய ஆட்சேபணை இல்ல. ஆனா கடலோரத்துல ஆரம்பிக்கிற ஒரு சின்னப் பையனுக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

அக்கா செலவு கம்மியா வேணும்னா 2க்கு 2 அட்டை ஹோல்டர்தான். மடிச்சா ரெண்டு இஞ்சு சதுரமா ஆகுற அட்டை, நடுவுல வட்டமா ஜன்னல், ஜன்னல்ல மைலார். காசை வச்சு ரெண்டா மடிச்சு மூணு பக்கமும் ஸ்டேப்ளர் அடிக்கணும். பசை தடவின வகையும் இருக்கு, அடிக்க வேண்டிய வேலை இல்ல, ஆனா நம்ம ஊர் சூட்டுக்கு பசை இளகி வெளிய வரும், அதனால எனக்கு ஸ்டேப்ளர் வகைதான் பிடிக்கும். அடிச்ச பிறகு பின் முனையை ஒரு குறடால அழுத்தி தட்டையாக்கிருங்க, இல்லைன்னா பக்கத்து ஹோல்டரோட மைலாரைக் கிழிச்சு காசைக் கீறும். காசை வெளிய எடுக்கணும்னா பின் எல்லாத்தையும் முதல்ல எடுத்துட்டுதான் அட்டையைப் பிரிக்கணும், பாதிப் பின்னோட இழுத்தா வெள்ளியில நேரா ஒரு கோடு விழும். கடற்காத்துக்கு பின் துருப் பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்க, செவந்திருந்தா ஹோல்டரையே மாத்திருங்க.

காசோட பேரு வருஷம் யாரு குடுத்தா எல்லாத்தையும் அட்டையில எழுதலாம், ஆனா காசை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே எழுதிருங்க.

இந்த ஹோல்டரை செருகி வைக்கிற ஆல்பம் ஷீட்டும் வாங்கணும், அதுவும் பிவிசி இல்லாததா இருக்கணும். நல்ல ஹோல்டர் வாங்கிட்டு மோசமான ஷீட்டுல செருகுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

யாழ்_வடலி

நான் யாழ்ப்பாணம், எங்கட வீடும் கடலுக்குக் கிட்டத்தான், அதால உங்கட அந்த செம்புக் காசைப் பற்றி சொல்லலாம் எண்டு நினைக்கிறன். என்னட்டை சேதுக் காசு கொஞ்சம் இருக்கு, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் காசு, நந்தியும் கீழ சேது எண்டு தமிழ் எழுத்தும் இருக்கும். செம்புதான். எங்கட உப்புக் காத்துக்கு அதுகளைக் காப்பாத்திறது லேசில்லை.

பச்சையில ரெண்டு விதம் இருக்கு தங்கச்சி. கரும்பச்சையா வழவழப்பா, காசோட ஒட்டிப்போய் கிடந்தால் அது நல்லது, உள்ள இருக்கிற செம்பை அதுதான் காக்குது, அதில கை வைக்காதேங்கோ. வெளிர் பச்சையா தூள் மாதிரி இருந்து, ஒரு பல்லுக்குச்சியால தொட்டால் உதிர்ந்தால் அதுதான் காசுக்கு வந்த வருத்தம், நோய். செம்புக்குள்ள உப்பு ஏறிப்போய் இருக்கும், ஈரமும் காத்தும் பட்டவுடன அது செம்பைத் தின்னும், தின்னத் தின்ன திரும்ப அதே உப்பு உண்டாகும், அதால தானா நிக்காது. அப்பிடியான காசை முதல்ல பிரிச்சு வேற டப்பாவில வையுங்கோ, அந்தத் தூள் மற்றக் காசில விழக்கூடாது.

நான் செய்யிறது, காய்ச்சி வடிச்ச தண்ணியில, பேட்டரிக்கு ஊத்த விக்கிறது, அதில ஊறப்போட்டு தண்ணியை மாத்தி மாத்தி விடுவன், உப்பு மெல்ல மெல்ல வெளிய வரும். வாரக் கணக்கில பொறுமை வேணும். பிறகு அசிட்டோனில தோய்ச்சு நல்லாக் காயவிட்டு, இறுக்கமா மூடுற டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வைக்கிறது. எல்லாக் காசிலயும் இது முழுசா நிப்பாட்டும் எண்டில்லை, ஆனால் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழ வச்சிருந்தால் பெரும்பாலும் அடங்கிப் போகும். குழாய்த் தண்ணி மட்டும் பாவிக்காதேங்கோ, அதிலயும் குளோரின் இருக்கு.

முத்துநகர்_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆல்பத்துல இருந்து எல்லாத்தையும் எடுத்தாச்சு, வெள்ளை பேப்பர்ல மடிச்சு வச்சிருக்கோம். அந்த செம்புக் காசை பையன் பல்லுக்குச்சி வச்சுத் தொட்டுப் பாத்தான், நாலஞ்சு காசுல தூளா உதிருது, மத்ததுல வரல, அந்த நாலஞ்சையும் தனியா வச்சிட்டோம். யாழ்ப்பாண அண்ணாவுக்கு தனியா நன்றி சொல்லச் சொன்னான்.

இன்னும் ரெண்டு மூணு சந்தேகம். இதையெல்லாம் பீரோவுல வைக்கலாமா? எங்க பீரோ சுவரோட ஒட்டி இருக்கு, மழைக்காலத்துல அந்தச் சுவர் ஓதம் காக்கும். பூச்சிக்காக உள்ள பாச்சை உருண்டை போட்டிருக்கேன். இல்ல பேங்க் லாக்கர்தான் நல்லதா? அப்புறம் அந்த பூஜை ரூபாயை என்ன பண்றது?

லேப்_வாசு

பாச்சை உருண்டையை காசு இருக்குற பீரோவுல இருந்து எடுத்துருங்க மேடம், அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிரும், குறிப்பா பாலிஸ்டைரீன் பெட்டிங்களை. கற்பூரமும் வேணாம்.

தூத்துக்குடியில உங்க உண்மையான எதிரி ஈரமும் உப்பும். அதனால நல்ல ரப்பர் வளையம் வச்சு நாலு பக்கமும் கிளிப் போடுற பாலிப்ரோப்பிலீன் டப்பா, சமையலறையில பருப்பு போட்டு வைக்கிறதுதான், அதுல ஒரு புது டப்பா எடுத்து ஹோல்டரை எல்லாம் நிக்க வச்சு அடுக்கிருங்க. அந்த ரப்பர் வளையம் சிலிக்கோனா இருந்தா நல்லது. உள்ள சிலிக்கா ஜெல் ஒரு துணிப் பையில போடுங்க. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, ஈரம் குடிச்சா நிறம் மாறிரும், அதைப் பாத்து எப்ப காய வைக்கணும்னு தெரிஞ்சுக்கலாம். நீல நிறத்துல வரதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, விஷம், குழந்தை இருக்குற வீட்டுக்கு வேணாம். நிறம் மாறினா ஓவன்ல 110, 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சு எடுத்தா திரும்ப பயன்படும். ஜெல் காசு மேல படாம ஓரமா இருக்கட்டும். ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியும் உள்ள போட்டுட்டா பையனுக்கு நல்ல வேலை, தினமும் பாத்து நோட்ல எழுதுவான். 50க்கு கீழ இருந்தா வெள்ளிக்கு போதும்.

பீரோவை சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்க. கீழ்த்தட்டு வேணாம், 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில தரைத்தளத்து வீடுகள்ல பீரோவோட கீழ்த்தட்டெல்லாம் என்ன ஆச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். பரணும் வேணாம், மாடி வெயில் நேரா இறங்கும். நடுத்தட்டு போதும்.

லாக்கர் பத்தி, அங்க வச்சாலும் இதே டப்பா, இதே ஜெல்தான், நிறைய லாக்கர் ரூம் காத்தே இல்லாம ஈரமா இருக்கும். 2022 ஜனவரியில இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி திருட்டு, தீ விபத்து, பேங்க் ஊழியர் மோசடின்னா லாக்கர் வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான் பேங்க் பொறுப்பு, வெள்ளம் மாதிரி இயற்கை சீற்றத்துக்கு அதுவும் கிடையாது. என்னைக் கேட்டா வெள்ளி ரூபாயை மட்டும் லாக்கர்ல வச்சுட்டு மீதியை பையன் கையிலயே விடுங்க, பாக்க முடியாத இடத்துல பூட்டி வச்சா அவனுக்கு ஆசையே விட்டுப் போயிரும்.

எங்க வச்சாலும் முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையும் போட்டு எழுதிக்கோங்க. வெள்ளி ரூபா 11.66 கிராம், தேஞ்சிருந்தா கொஞ்சம் குறையும், ரொம்பவே வித்தியாசம் வந்தா அது நல்ல காசுதானான்னு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

ஓட்டைக்காலணா

பூஜை ரூபாய்க்கு நான் சொல்றேன். மஞ்சள் குங்குமம் எண்ணெயோட சேந்து எழுத்து இடுக்குல கெட்டியா உக்காந்திருக்கும், குச்சி வச்சு நோண்டாதீங்க. காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு நாள் ஊறட்டும், அப்புறம் அசிட்டோன்ல ஒரு தடவை போட்டு எடுங்க, போறது போகட்டும், மிச்சம் இருக்குறது இருக்கட்டும். கறை முழுசா போகலைன்னாலும் காசு கெடாது, தேச்சாதான் கெடும். அத்தைகிட்ட பேசி, இருக்குறதுல ரொம்பத் தேஞ்ச ரூபா ஒண்ணை பூஜைக்குன்னு நிரந்தரமா ஒதுக்கிக் குடுத்துருங்க, அவங்க மனசும் கோணாது, மத்ததும் தப்பிக்கும்.

காந்தி 10 ரூபாயும் நல்லா இருக்குற விக்டோரியா ரூபாயும் மட்டும் அக்ரிலிக் காப்ஸ்யூல்ல போடுங்க, ரெண்டு மூடி சேந்து டக்குன்னு மூடும், காசை நாலு பக்கமும் பாக்கலாம், பையன் தூக்கி நண்பர்களுக்குக் காட்டினாலும் விரல் படாது. ஓட்டைக் காலணாவுக்கெல்லாம் காப்ஸ்யூல் வாங்கினா காசை விட அதோட விலை அதிகமாயிரும். அலுமினியம் 3 பைசா ரொம்ப மெத்துன்னு இருக்கும், சும்மா உரசினாலே கோடு விழும், அதை டப்பாவுல குவியலா போடாம அட்டை ஹோல்டராவது போட்டுருங்க.

முத்துநகர்_செல்வி

அத்தைகிட்ட சொல்லியாச்சு, முதல்ல முகம் சுருங்குச்சு, அப்புறம் தேஞ்ச ரூபா ஒண்ணை அவங்களே பாத்து எடுத்துக்கிட்டாங்க. அட்டை ஹோல்டர் ஆர்டர் போடப் போனா 17.5, 20, 22.5ன்னு என்னென்னமோ சைஸ் கேக்குது, எது எதுக்கு எதை வாங்கணும்?

ஓட்டைக்காலணா

அது ஜன்னலோட விட்டம், மில்லிமீட்டர்ல. காசை விட ஒரு பொட்டு பெருசா இருக்கணும், ரொம்பப் பெருசா இருந்தா உள்ள ஆடும். நயா பைசா 16 மில்லிமீட்டர், அதுக்கு 17.5. ஓட்டைக் காலணா 21 சொச்சம், அதுக்கு 22.5. காந்தி 10 ரூபா 34, அதை காப்ஸ்யூல்ல போடலைன்னா 35. அந்தப் பேர் தெரியாத செம்புக் காசெல்லாம் வட்டமாவே இருக்காது, ஸ்கேல் வச்சு அகலமான பக்கத்தை அளந்து வாங்குங்க. வெள்ளி ரூபா 30.5 வரும், கடைக்காரங்க 30 போதும்னு குடுத்துருவாங்க, வாங்காதீங்க, ஓரம் அட்டைக்கு அடியில மாட்டிக்கும், 32.5தான் சரி.